27 கேள்வியில் என் 'இருண்ட குணம்' தெரிந்துவிடுமா? டர்பனில் பதவி உயர்வுக்கு வந்த படிவம்

கிளேர்வுட் குமரன் | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் துறைமுகத்தை ஒட்டி சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாமே. டீம் லீடர் இடம் ஒன்று காலி. விண்ணப்பித்தவர்களை மீட்டிங் ரூமில் உட்கார வைத்து எச்.ஆரில் இரண்டு பக்கப் படிவம் கொடுத்தார்கள். மேலே பெயர், பணியாளர் எண். கீழே 27 வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஒரு வட்டம். 1 என்றால் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை, 5 என்றால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று பகுதி, பகுதிக்கு ஒன்பது. மாக்கியவெல்லித்தனம், நார்சிசம், சைக்கோபதி என்று தலைப்பே அச்சாகியிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "31, 28, 22. மூன்றும் கம்பெனி சராசரிக்கு மேல். சைக்கோபதிதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது" என்றார் எச்.ஆர். அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருஷமாக வேலையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியதில்லை.

இந்த மாதிரிப் படிவத்தை நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உம்லாங்கா சூரி | செவ்வாய், இரவு 8.52

சைக்கோ டீம் லீடர்! இனிமேல் லீவு கேட்கவே பயப்படுவார்கள்.

இணையத்தில் இதே போல் ஒன்றை நானும் போட்டுப் பார்த்தேன். நார்சிசத்தில் ஐந்துக்கு 4.1. வீட்டுக்காரி "இதற்கு டெஸ்ட் வேறா" என்று கேட்டாள்.

---

ஜோபர்க் மீனா | செவ்வாய், இரவு 9.35

குமரன் தம்பி, நான் சைக்கோமெட்ரிஸ்ட்டாக, அதாவது உளவியல் சோதனைகளை நடத்துகிறவளாக, பதிவு செய்து வேலை செய்கிறவள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது 2014-இல் ஜோன்ஸும் பாலஸும் வெளியிட்ட 'ஷார்ட் டார்க் ட்ரையாட்' படிவம். 27 வாக்கியம், மூன்று ஒன்பது, ஐந்து புள்ளி அளவு, எல்லாம் பொருந்துகிறது.

கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் புரியும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலஸும் வில்லியம்ஸும் 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆளை வளைத்துக் காரியம் சாதிக்கிற மாக்கியவெல்லித்தனம், தன்னைத் தானே தூக்கி வைத்துக்கொள்கிற நார்சிசம், ஈவிரக்கமும் அச்சமும் இல்லாமல் நினைத்ததைச் செய்கிற சைக்கோபதி, இவை மூன்றும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தாலும் வெவ்வேறுதான் என்றார்கள். 'டார்க் ட்ரையாட்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவர்கள் பேசியது சிறைக் கைதிகளைப் பற்றியோ நோயாளிகளைப் பற்றியோ அல்ல. நடமாடிக்கொண்டிருக்கிற சாதாரண மனிதர்களிடம் கூடக்குறைய இருக்கிற குணங்களைப் பற்றி.

அந்தக் காலத்தில் மூன்றையும் அளக்க மூன்று தனித்தனிப் படிவம். கிறிஸ்டியும் கெய்ஸும் செய்த மாக்-4 அளவையில் 20 வாக்கியம், நார்சிசத்துக்கு 40 ஜோடி, சைக்கோபதிக்கு ஹேர் என்ற உளவியலாளரின் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் 64. எல்லாம் சேர்த்தால் நூற்றுச் சொச்சம். ஆராய்ச்சிக்கு வருகிற மாணவன் பாதியில் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவான். அதனால்தான் சுருக்கினார்கள். 2010-இல் ஜோனசனும் வெப்ஸ்டரும் வெறும் 12 வாக்கியத்துக்குக் கொண்டுவந்தார்கள், குணத்துக்கு நாலே நாலு. அப்புறம் 2014-இல் உங்கள் கைக்கு வந்த 27. அதற்கும் பிறகு, பிறர் வலியில் சந்தோஷப்படுகிற சாடிசத்தையும் சேர்த்து 28 வாக்கியத்தில் இன்னொன்று வந்தது.

ஆராய்ச்சிக் கருவியாக நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பகுதித் தலைப்பு அச்சாகியிருந்தது என்கிறீர்கள். ஆளிடம் கொடுக்கும் முன் அந்தத் தலைப்புகளை எடுத்துவிட வேண்டும் என்று படிவத்தோடேயே குறிப்பு இருக்கிறது. 'சைக்கோபதி' என்று கொட்டை எழுத்தில் போட்டு அதன் கீழே "நீ ஈவிரக்கம் இல்லாதவனா" என்று கேட்டால் யார் ஆமாம் போடுவார்கள்?

தலைப்பையே எடுக்காதவர்கள் கூட்டலை எப்படிச் செய்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். கடைசி இரண்டு பகுதிக்கும் நீங்கள் போட்ட எண்கள் நினைவிருந்தால் வரிசையாக எழுதுங்கள்.

---

கிளேர்வுட் குமரன் | செவ்வாய், இரவு 10.05

நன்றி அக்கா. போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நார்சிசம்: 3, 4, 2, 2, 3, 5, 1, 4, 4. கூட்டினால் 28.
சைக்கோபதி: 2, 5, 1, 2, 1, 3, 5, 1, 2. கூட்டினால் 22.

சைக்கோபதியில் இரண்டு இடத்தில் 5 போட்டிருக்கிறேன். ஒன்று "ஆபத்தான சூழ்நிலைகளைத் தவிர்ப்பேன்". இன்னொன்று "சட்டச் சிக்கலில் நான் மாட்டியதே இல்லை". இரண்டும் உண்மைதானே?

---

மாரிட்ஸ்பர்க் வாத்தியார் | புதன், காலை 6.10

அடப்பாவிகளா.

தம்பி, சட்டத்தை மதிக்கிறேன் என்றதற்கு உங்களுக்குச் சைக்கோபதியில் ஐந்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்! அது தலைகீழ் வாக்கியம். ஒத்துக்கொண்டால் குறைய வேண்டும், மறுத்தால் கூட வேண்டும். போட்ட எண்ணை ஆறிலிருந்து கழித்துத்தான் சேர்க்க வேண்டும். 5 என்றால் 1, 4 என்றால் 2.

சைக்கோபதியில் இரண்டாவதும் ஏழாவதும் தலைகீழ். இரண்டு ஐந்தும் இரண்டு ஒன்றாகிவிட்டால் 22 என்பது 14. சராசரி 2.44 அல்ல, 1.56.

நார்சிசத்தில் மூன்று: எல்லோர் கண்ணும் தன்மேல் இருப்பது பிடிக்காது, யாராவது பாராட்டினால் கூச்சம், நான் சாதாரண ஆள். நீங்கள் போட்டது 4, 5, 4. அவை 2, 1, 2 ஆகும். 28 என்பது 20. கூச்ச சுபாவக்காரரைத் தற்பெருமைக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

முதல் பகுதியில் தலைகீழ் வாக்கியமே கிடையாது. அந்த 31 அப்படியே நிற்கும். ஒன்பதும் ஒரே திசையில் போவதால், எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற பழக்கம் உள்ளவருக்கு அங்கே எண் தானாக ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

---

ஜோபர்க் மீனா | புதன், காலை 7.20

நினைத்தேன். இந்தத் தவறை முதுகலை மாணவர்களே செய்வார்கள், ஆனால் அவர்கள் யார் வேலையையும் தீர்மானிப்பதில்லை. விண்ணப்பித்த அத்தனை பேருக்கும் கூட்டல் இப்படித்தான் நடந்திருக்கும், அதனால் அந்தக் 'கம்பெனி சராசரி'யும் குப்பை.

---

டொங்காட் தேவி | புதன், காலை 9.48

அந்த முதல் பகுதியைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி. மீனா சொன்ன பெயரை வைத்துத் தேடிப் பார்த்தேன். முதல் வாக்கியமே "ரகசியத்தை வெளியே சொல்வது புத்திசாலித்தனம் இல்லை" என்கிற பொருளில் வருகிறது. இன்னொன்று, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மற்றவர்களிடம் சில விஷயங்களை மறைக்க வேண்டும் என்பது.

இதற்கு எங்கள் அம்மாச்சி 5 போட்டிருப்பார், பேனா இருந்தால் 6 என்று எழுதியிருப்பார். கேட்டோ மேனரில் வீடு வைத்திருந்து, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிறவெறிக் காலக் குழுப் பகுதிச் சட்டத்தில் அதை விட்டுவிட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு மூட்டை கட்டியவர். பக்கத்து வீட்டுக்காரர் யாரிடம் போய் என்ன சொல்வார் என்று தெரியாத காலம். "வாயைத் திறக்காதே, காரியம் முடிந்தபிறகு சொல்" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார். யாரையும் ஏமாற்றியதில்லை. கோயில் திருவிழாவுக்கு ஊருக்கே சமைத்துப் போட்டவர். அவர் மாக்கியவெல்லிக்காரரா?

---

கிளேர்வுட் குமரன் | புதன், காலை 10.15

தேவி ஆன்ட்டி, அந்த இரண்டுக்கும் நான் 5தான் போட்டேன். எங்கள் வேலையில் ஒரு வாடிக்கையாளரின் சரக்கு விவரத்தை இன்னொருவரிடம் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

---

ஜோபர்க் மீனா | புதன், மதியம் 1.05

தேவி, நீங்கள் தொட்டது ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் அடித்துக்கொள்கிற இடம்.

ஒரு வாக்கியத்துக்கு ஒருவர் 'ஆமாம்' போடுவதற்கு நூறு காரணம் இருக்கும். ஒன்பது வாக்கியம் இருந்தால் அந்தக் காரணங்கள் ஒன்றையொன்று கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும், பொதுவாக இருப்பது மிஞ்சும் என்பதுதான் இந்த வகை அளவீட்டின் நம்பிக்கை. ஆனால் ஒரு சமூகம் முழுக்க ஒரே காரணத்துக்காக வாயை மூடப் பழகியிருந்தால் அந்தக் காரணம் அடித்துக்கொண்டு போகாது. அதுவும் மதிப்பெண்ணாக ஏறி உட்கார்ந்துவிடும். இந்தப் படிவத்தை உருவாக்கியபோது செய்து பார்த்ததெல்லாம் பெரும்பாலும் வட அமெரிக்க மாணவர்களிடமும் இணையத்தில் பதில் சொன்னவர்களிடமும்தான். டர்பன் சரக்கு குமாஸ்தாவை அவர்களின் சராசரியோடு நிறுத்திப் பார்ப்பது மீன் கடைத் தராசில் தங்கம் நிறுக்கிற வேலை.

இந்த நாட்டிலேயே வேறு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க ஆளுமைப் பட்டியல் என்ற திட்டத்தில் அப்போதிருந்த 11 ஆட்சிமொழிகளிலும் 1,200-க்கு மேற்பட்டவர்களை உட்கார வைத்து, "உனக்குத் தெரிந்த ஒருவர் எப்படிப்பட்டவர், உன் வாயாலேயே சொல்" என்று கேட்டு அங்கிருந்து தொடங்கினார்கள். மற்றவர்களோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள். நம் தமிழ் அந்தப் பதினொன்றில் இல்லை, அது தனி வருத்தம்.

இன்னொரு உள்வீட்டுச் சண்டையும் உண்டு. மாக்கியவெல்லிக்காரன் என்றால் பொறுமையாகத் திட்டம் போட்டுக் காத்திருப்பவன் என்பது கோட்பாடு. ஆனால் இந்தப் படிவங்களில் அந்தப் பகுதியில் அதிகம் எடுப்பவர்கள் அவசரக்காரர்களாகவும் ஒழுங்கற்றவர்களாகவும் வருகிறார்கள், ஏறக்குறைய சைக்கோபதிப் பகுதியில் வருகிறவர்களைப் போலவே. அப்படியானால் அங்கே அளப்பது எதை என்று 2018-இல் வைஸ் முதலானவர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்துக் கேட்டார்கள். அதே வருஷம் மோஷாகன், ஹில்பிக், செட்லர் மூவரும் இந்தக் குணங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வேர் இருக்கிறது, பிறர் நஷ்டப்பட்டாலும் என் லாபமே பெரிது என்கிற மனப்போக்குதான் அது என்று வாதிட்டார்கள். 12 வாக்கியப் படிவத்துக்கு அடி இன்னும் பலம். சைக்கோபதிக்கான நாலு வாக்கியத்தில் அவசரபுத்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று மில்லர் முதலானவர்கள் 2012-இலேயே எழுதிவிட்டார்கள்.

---

ஃபீனிக்ஸ் ராஜன் | புதன், மாலை 5.30

எல்லோரும் படித்தவர்கள், ஒப்புக்கொள்கிறேன். மறுபக்கத்தையும் கேளுங்கள்.

நான் ஒரு கிடங்கு நடத்துகிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு சூப்பர்வைசரை எடுத்தேன். நேர்முகத்தில் தேன் ஒழுகப் பேசினான். சிரிப்பு, கைகுலுக்கல், "அங்கிள்" என்று வாய் நிறைய. ஆறு மாதத்தில் என்னுடைய நல்ல ஆட்கள் இரண்டு பேர் ராஜினாமா. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கோள், தன் தவறுக்கு நைட் ஷிப்ட் பையன் மேல் பழி. கடைசியில் ஸ்டாக் கணக்கு இடித்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது. அப்படி ஒருவன் உள்ளே வராமல் தடுக்க ஐந்து நிமிடப் படிவம் ஒன்று இருந்தால் நான் ஏன் பயன்படுத்தக் கூடாது? இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மச்சினன் சிபாரிசு, கோயில் கமிட்டி சிபாரிசு.

---

கேப்டவுன் யாழ் | புதன், இரவு 7.12

ராஜன் அண்ணை, உங்கட அந்த ஆள் இந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் என்ன போட்டிருப்பான் என்று ஒருக்கா யோசியுங்கோ. தேன் ஒழுகப் பேசத் தெரிஞ்சவனுக்கு 1-ஐச் சுத்தி வட்டம் போடத் தெரியாதே?

---

ஜோபர்க் மீனா | புதன், இரவு 8.30

யாழ் சொன்னதுதான் முழு விஷயமும்.

பெயர் எழுதாத ஆய்வில், இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது, மனிதர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு உண்மை சொல்கிறார்கள். "நான் ஒரு நார்சிசிஸ்ட்" என்ற ஒற்றை வாக்கியத்துக்கு எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கேட்டாலே 40 கேள்விப் படிவத்தோடு ஓரளவு ஒத்துவருகிறது என்று கோன்ராத், மையர், புஷ்மன் 2014-இல் காட்டினார்கள். அப்படிப்பட்டவருக்கு அது குறையாகவே தெரிவதில்லை. (சூரி, உங்களைச் சொல்லவில்லை.)

ஆனால் மேலே பணியாளர் எண்ணும் எதிரே பதவி உயர்வும் இருந்தால் அதே கேள்வி வேறு கேள்வியாகிவிடுகிறது. அப்போது அளக்கப்படுவது, "இந்தப் படிவம் என்ன எதிர்பார்க்கிறது என்று இவர் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்" என்பதுதான். அதில் கெட்டிக்காரர் யார்? ஆளைப் படித்து அதற்கேற்ப நடிப்பவர். நீங்கள் வடிகட்ட நினைக்கிற அதே ஆள் வடிகட்டியில் வழுக்கிக்கொண்டு உள்ளே வருவார். "பழிவாங்க வேண்டும் என்று எனக்கும் சில நேரம் தோன்றும்" என்று மனசாட்சியோடு 3 போட்ட குமரன் வெளியே நிற்பார்.

ராஜன் அண்ணா, உங்கள் ஆதங்கம் நியாயம், அந்த ஆளைப் போல் நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி அவர் தன்னைப் பற்றிச் சொல்வது அல்ல, அவர் செய்தது. முன்பு அவருக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பேரிடம் பேசுங்கள். மேலே இருந்தவரிடம் கேட்டால் புகழ்ச்சிதான் வரும், இவர்கள் மேலே இருப்பவரை மயக்குவதில் மன்னர்கள். நேர்முகத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்வி, "சரக்கு தாமதமான ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், யார் என்ன செய்தார்கள்" என்பது போல. பதிலுக்கு மதிப்பெண் எப்படி என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். சோதனைக் காலம் என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை ஒப்புக்கு வைக்காமல், கீழே இருப்பவர்களையும் கேட்டு முடிவெடுங்கள்.

சைக்கோபதியை உண்மையிலேயே தீர்மானிக்க வேண்டிய இடங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஹேரின் பட்டியலில் 20 அம்சம். பயிற்சி பெற்றவர் நீண்ட நேரம் நேரில் பேசி, வழக்குக் கோப்புகளையும் படித்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போடுவார். வழக்கமாக 40-க்கு 30 வந்தால்தான் அந்தப் பெயர். கோப்பு ஏன் வேண்டும்? அந்த மனிதர் சொல்வதை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான்.

---

மாரிட்ஸ்பர்க் வாத்தியார் | புதன், இரவு 9.15

கணக்குப் பாடம் கொஞ்சம். எண்கள் உதாரணத்துக்கு.

ஆயிரம் விண்ணப்பதாரர், அதில் பத்துப் பேர் உண்மையிலேயே ஆபத்தானவர்கள் என்று வையுங்கள். படிவம் ரொம்பக் கெட்டி, பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கிறது. நல்லவர்களில் பத்தில் ஒருவரைத்தான் தவறாகப் பிடிக்கிறது. மீதி 990 பேரில் பத்தில் ஒன்று என்றால் 99. ஆக மொத்தம் 107 பேருக்குச் சிவப்புக் கோடு, அதில் எட்டுப் பேர்தான் சரி. இது யாரும் பொய் சொல்லாத கணக்கு.

இன்னொன்று. ஒன்பது வாக்கியம் உள்ள பகுதியின் நம்பகத்தன்மை (முழுக்கப் பிழையில்லாவிட்டால் 1) 0.75 என்றும் மதிப்பெண்ணின் திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் எண் சிதறும் அளவு, 0.6 என்றும் வைத்தால், ஒரு தனி மனிதரின் எண்ணில் வழக்கமான பிழை 0.3 வரும். 3.0 எடுத்தவர் உண்மையில் 2.4 முதல் 3.6 வரை எங்கும் இருக்கலாம். முன்னூறு பேரின் சராசரியில் இந்தப் பிழை கரைந்துவிடும். ஆராய்ச்சிக்கு அது போதும். குமரன் ஒருவரே, அவரிடம் கரைய இடமில்லை.

---

ஃபீனிக்ஸ் ராஜன் | புதன், இரவு 9.40

வாத்தியாரே, 107 பேரையும் வேலைக்கு எடுக்காவிட்டால் எட்டுப் பேர் தொல்லை விட்டதே. முதலாளிக்கு அது லாபம்தானே? மீதி 893 பேர் இருக்கிறார்களே.

---

மாரிட்ஸ்பர்க் வாத்தியார் | புதன், இரவு 9.58

கிடங்குக்கு லாபம். அந்த 99 பேருக்கு யார் பதில் சொல்வது? அதற்குத்தான் இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. மீனாம்மா சொல்லட்டும்.

---

ஜோபர்க் மீனா | புதன், இரவு 10.45

1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 8-ஆம் பிரிவு. பணியாளருக்கோ விண்ணப்பதாரருக்கோ உளவியல் சோதனை வைப்பது தடை. வைத்தே ஆக வேண்டுமானால், அது செல்லுபடியானது, நம்பகமானது என்று அறிவியல்பூர்வமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்த வேண்டும், எந்தப் பணியாளருக்கோ குழுவுக்கோ எதிராகச் சாயக் கூடாது. இது சும்மா வந்த பிரிவு இல்லை. வெள்ளையர்களை வைத்துத் தரப்படுத்திய சோதனைகளை மற்றவர்கள் தலையில் கட்டி "உனக்குத் தகுதி இல்லை" என்று சொன்ன வரலாறு நமக்கு இருக்கிறது. தேவியின் அம்மாச்சி கேள்வி இந்தப் பிரிவின் நடுநெஞ்சில் போய் உட்காருகிறது.

அடுத்தது, உளவியல் சோதனையை நடத்திப் பொருள் சொல்வது சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்தவர்களின் வேலை. உங்கள் எச்.ஆர். அம்மாவிடம் பதிவெண் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மூன்றாவதை யாரும் கவனிக்கவில்லை. சைக்கோபதிப் பகுதியின் எட்டாவது வாக்கியம், அதிகம் பழக்கம் இல்லாதவர்களோடு உடலுறவு கொள்வது பிடிக்குமா என்பது. அதை ஒரு கம்பெனி, பெயரோடு, பதவி உயர்வுக்காகக் கேட்டிருக்கிறது! தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் பாலியல் வாழ்க்கை பற்றிய விவரம் சிறப்புப் பாதுகாப்பு உள்ள தகவல். குற்ற நடத்தை பற்றியதும் அப்படியே, ஆகவே ஏழாவது வாக்கியமும் சங்கடமானதுதான்.

தம்பி, உடனே சண்டைக்குப் போக வேண்டாம். எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சோதனை, யார் நடத்தினார், தலைகீழ் வாக்கியங்களைத் திருப்பினார்களா, அந்தப் படிவங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன. பதவி உயர்வில் அநியாயம் நடந்ததாக முடிவானால் தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கிற சமரச ஆணையத்துக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு, அதை மட்டும் தவற விடாதீர்கள்.

---

சாட்ஸ்வொர்த் மருமகள் | வியாழன், காலை 8.05

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த 27-ஐயும் மாமியார் சார்பில் நானே நிரப்பலாமா? 😀

---

ஜோபர்க் மீனா | வியாழன், காலை 8.40

நிரப்பலாம். ஒருவரைப் பற்றி அவரைத் தெரிந்தவர்கள் போடும் மதிப்பெண் ஆராய்ச்சியில் நிஜமாகவே உண்டு. சில குணங்களை அடுத்தவர்தான் சரியாகப் பார்க்கிறார். ஆனால் ஒரே ஒரு ஆள், அதுவும் அதே அடுப்படியில் நிற்கிற ஆள் போட்டால், வருவது மாமியாரின் மதிப்பெண்ணா உங்கள் மதிப்பெண்ணா என்று பிரிக்க முடியாது. அவரும் உங்களுக்கு ஒன்று நிரப்பட்டும், இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.

---

கிளேர்வுட் குமரன் | வெள்ளி, மாலை 4.50

அக்கா சொன்னபடி நாலு கேள்வியையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். வாத்தியார் போட்ட கூட்டலையும் இணைத்தேன். இன்று மதியம் பதில் வந்தது: "மதிப்பெண்களை மறுபரிசீலனை செய்கிறோம்." மற்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. படிவங்கள் யாரிடம் இருக்கின்றன என்று மறுபடி கேட்டிருக்கிறேன். என்னோடு உட்கார்ந்த மற்றவர்களும் தங்கள் பெயரில் அதையே கேட்கப் போகிறார்கள்.

ராஜன் அங்கிள், அக்கா உங்களுக்குச் சொன்ன மாதிரி, கீழே வேலை பார்த்தவர்களிடம் கேட்பது நல்ல யோசனை என்று எங்கள் மேனேஜரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். "உன் கீழே யாரும் இல்லையே, யாரைக் கேட்பது" என்கிறார்.

---

ஃபீனிக்ஸ் ராஜன் | வெள்ளி, மாலை 5.20

பேஹெட் ரோட்டில் லாரி டிரைவர்களைக் கேட்கச் சொல்லு தம்பி. காகிதம் தாமதமானால் யார் போனை எடுக்கிறார், யார் அணைத்து வைக்கிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

படிவத்தை நான் இன்னும் முழுக்கக் கைவிடவில்லை, மீனா. ஆனால் அந்த எட்டாவது கேள்வியை என் ஆட்களிடம் கேட்க எனக்கு வாய் வராது.